கோழிகள் குடிக்காத தண்ணீர்

உச்சி வெயில். தகரத்தில் வெறுங்கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டில் என் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி கோணிப்பை நிழலில் நிற்கின்றன. அவற்றின் தலைக்கு மேலே ஒரு வெள்ளைக் கேன் கயிற்றில் தொங்குகிறது. கேன் நிறையத் தண்ணீர். அடியில் சிவப்பு நிறத்தில் மூன்று குமிழ்கள். குமிழைக் கொத்தினால் ஒரு சொட்டு வரும். இன்னொரு கொத்து, இன்னொரு சொட்டு.

சுல்தானா முன்னால் வந்தாள். கூட்டத்திலேயே மூத்தவள், எனக்கே சில சமயம் அவளைப் பார்த்தால் பயம். கழுத்தை நீட்டி ஒரு கொத்து கொத்தினாள். சொட்டை வாயில் வாங்கினாள். உடனே தலையை அப்படியும் இப்படியும் உதறிவிட்டு, அலகைத் தகரத்தில் தேய்த்தாள். இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு. கசாப்புக் கடையில் கத்தி தீட்டுவார்களே, அதே மாதிரி.

"திமிரப் பாரு. மகாராணிக்கு ஐஸ் போட்டுக் குடுக்கணுமோ?" என்று அவளைத் திட்டினேன்.

அவள் எனக்கு என்ன சொல்ல வந்தாள் என்பது அடுத்த நாள்தான் புரிந்தது. புரிந்தபோது நான் பயந்தது கோழிகளுக்காக இல்லை.

கோழிகளைப் பற்றி எழுது, எழுது என்று என் மகள் நஸ்ரின்தான் விடாமல் நச்சரிக்கிறாள். கல்யாணமாகி நவி மும்பையில், வாஷியில் இருக்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் நான் எழுதுகிற பத்திரிகை வந்ததும் போன் போட்டு, "உம்மா, நீயே படிச்சுக் காட்டு" என்பாள். இந்த வாரம் எழுதியதை அவளுக்கு எப்படிப் படித்துக் காட்டப் போகிறேனோ தெரியவில்லை. கோழிக் கதை என்று உட்காருவாள். இது அவள் வாப்பாவின் கதை.

மேலே கோழி, கீழே இட்லி

தாராவியில் எங்கள் வீடு மாடி. இரும்பு ஏணியில் ஏறி வரவேண்டும். கதவைத் திறந்தால் கீழ்வீட்டுப் பின்கட்டின் தகரக் கூரை எங்கள் வாசல்போல நீண்டு கிடக்கும். அதில் பலகை போட்டு, கோணி கட்டி, கோழி வளர்த்தேன். முட்டைக்காக என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் நஸ்ரின் போன பிறகு வீட்டில் யாராவது என் பின்னாலேயே சுற்ற வேண்டியிருந்தது.

கீழே செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இட்லி அவள் தொழில். மத்தியானம் மாவாட்டுவாள், விடியுமுன் அவித்து எடுப்பாள். அவள் வீட்டுக்காரர் அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ரப்பர் ஹார்னை அமுக்கியபடி மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுவார். கிங்ஸ் சர்க்கிளில் ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சாப்பிடும்.

கோழிகளுக்கு நான் அலுமினியச் சட்டியில்தான் தண்ணீர் வைத்திருந்தேன். கோழி சட்டியில் குடிக்கிற லட்சணம் வளர்த்தவர்களுக்குத் தெரியும். அதிலேயே ஏறி நிற்கும், அதிலேயே எச்சமிடும், கடைசியில் கவிழ்த்துவிட்டு நம்மையே முறைக்கும். கவிழ்ந்த தண்ணீர் தகரத்தின் ஆணி ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். ஒருநாள் நேராகச் செல்வியின் மாவுப் பாத்திரத்தில் இறங்கிவிட்டது.

செல்வி கரண்டியோடு மேலே வந்தாள்.

"ஜமீலாக்கா, ஒங்க கோழி கால் கழுவுன தண்ணி என் மாவுல ஒழுவுது. ஊராம்புட்டுப் பிள்ளையளும் திங்குத சாப்பாடு. இன்னொரு சொட்டு விழுந்துச்சோ, எல்லாத்தையும் அறுத்துச் சால்னா வச்சுருங்க. சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர்தான் எழுந்து வந்தார்.

"தாயி, கோவப்படாத. சட்டியத் தூக்கிப் போட்டுட்டுச் சிந்தாத மாதிரி ஒண்ணு நான் செஞ்சு மாட்டுதேன். ஒனக்கும் அகல வாயா, இறுக்க மூடி போட்ட கேன் ஒண்ணு தாரேன். அரிசிய அதுல ஊறப் போட்டு மூடி வையி. மேல மழையே பேஞ்சாலும் உள்ள எறங்காது."

செல்வியின் முகம் கனிந்துவிட்டது. காதர் பாய் கையால் கேன் கிடைக்கிறது என்றால் எங்கள் சந்தில் அது சாதாரண விஷயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மூக்கின் புகழ்

என் வீட்டுக்காரர் காதர் மைதீனுக்கு டிரம் கழுவி விற்கிற தொழில். பங்கார் என்கிற பழைய சாமான் வண்டிகளில் கம்பெனிகளின் பழைய டிரம்களும் கேன்களும் வந்து குவியும். ஊறுகாய் வந்தது, சர்பத் வந்தது, சமையல் எண்ணெய் வந்தது என்று ஒரு வகை. சாயம், ஆசிட், பெயர் தெரியாத மருந்துகள் வந்தது என்று இன்னொரு வகை. முதல் வகையைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்க விற்கலாம். இரண்டாம் வகையை உடைத்து, அரைக்கிற மிஷினுக்கு அனுப்பிவிட வேண்டும்.

காலையில் சிறிது நேரம் மட்டும் குழாய் வருகிற ஊரில், டிரம் இல்லாமல் ஒரு வீடு நடக்காது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அதில்தான் சோறு பொங்குகிறோம்.

வருகிற டிரம்களில் பாதிக்கு லேபிள் இருக்காது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். எது எது என்று எப்படிப் பிரிப்பது? மூக்கால்தான்.

கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மூடி, வெயிலில் வைப்பார். பிறகு திறந்து தலையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. தலையை வெளியே எடுத்தால் இரண்டில் ஒன்று: "தண்ணிக்கு ஆவும்", இல்லையென்றால் "அரைக்கப் போடு". மேல் அப்பீல் கிடையாது. வேறு இடத்தில் வாங்கிய டிரம்மைக்கூட ஜனங்கள் அவரிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அதற்கு அவர் ஒன்றும் வாங்கமாட்டார். "காதர் பாய் மோந்து பாத்தாச்சா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்றால், பிறகு மறுபேச்சே இல்லை.

அந்த மூக்கை முதன்முதலில் நான் வெறுத்தேன். அவர் என் மாமா மகன். என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு, வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே தன் உம்மாவிடம், "பாயசம் அடி பிடிச்சுட்டு" என்றார். உள்ளே கிண்டிக்கொண்டிருந்தது நான். யார்டா இந்த மோப்பக்காரன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவரையே கட்டிக்கொண்டேன்.

கட்டிக்கொண்ட பிறகு ஒன்றையும் மறைக்க முடியவில்லை. காட்கோபர் போய் நாத்தனாரைப் பார்த்துவிட்டு வழியில் வடாபாவ் தின்றேன் என்றால், ஏணியில் ஏறும்போதே, "பூண்டுச் சட்னி தூக்கலோ?" என்பார். அவர் இல்லாத நேரத்தில் யார் வந்து போனார்கள் என்று தலையெண்ணெய் வாசத்தை வைத்துச் சொல்வார். நம் வீட்டில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் எதற்கு என்று நஸ்ரின் சலித்துக்கொள்வாள்.

கேனைத் தொங்கவிட்டோம்

சிந்தாத தண்ணீர்ப் பாத்திரத்துக்கு வழி காட்டியது நஸ்ரின்தான். வாஷியிலிருந்து போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வாளியின் அடியில் சிவப்புக் குமிழ்களை மாட்டித் தொங்கவிட்டிருந்தாள். கோழிகள் வரிசையில் நின்று டொக் டொக்கென்று கொத்திக் குடித்தன. நாமக்கல் பண்ணைகளில்கூட இதுதானாம், நிப்பிள் என்கிறார்கள். குமிழின் நடுவில் சின்ன இரும்புக் குச்சி இருக்கிறது. அதைத் தட்டினால்தான் தண்ணீர், தட்டாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் கிராஃபோர்டு மார்க்கெட்டில் அந்தக் குமிழ்களை வாங்கி வந்தார். பட்டறையில் அப்போதுதான் ஒரு வண்டி கேன் இறங்கியிருந்தது. எல்லாம் வெள்ளை, எல்லாம் அகல வாய், லேபிள் சுரண்டியிருந்தது. ஊறுகாய் கேன்கள் என்றானாம் வண்டிக்காரன். அவற்றில் சின்னதாக ஒன்றைக் கழுவி எடுத்து வந்தார்.

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் ஓட்டை போட்டார். மரைக்கு டேப் சுற்றி, ரப்பர் வாஷர் வைத்துக் குமிழ்களைத் திருகினார். மூடியில் ஊசியளவுக்கு ஒரு காற்று ஓட்டை. அது இல்லாவிட்டால் தண்ணீர் இறங்காது. கோழி கழுத்தை நீட்டினால் மட்டும் எட்டுகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். கீழே ஒரு சொட்டுகூட விழவில்லை. செல்வி தன் பின்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி" என்றாள்.

எனக்கு மட்டும் லேசாக ஒரு வாடை அடித்தது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து மூடியதுபோல, வந்த வேகத்தில் போய்விட்டது.

"மச்சான், கேன்ல ஏதோ வாடை வருதே?"

அவர் மூடியைத் திறந்து தலையைக் குனிந்தார். கண்ணை மூடினார். நானும் வழக்கம்போலப் பேசாமல் நின்றேன்.

"ஒண்ணுமில்ல. புது வாஷர் நாத்தம். ரெண்டு நாள்ல போயிரும்" என்றார்.

அதோடு சரி. அந்த மூக்கு சொன்ன பிறகு என் மூக்குக்கு என்ன வேலை?

கருப்பி

கோழிக்குப் பாடம் நடத்துவது லேசு இல்லை. பழைய சட்டியை முதலில் கண்ணில் படாமல் எடுத்துவிட வேண்டும். பிறகு விரலால் குமிழைத் தட்டித் தட்டி, சொட்டு தொங்குவதைக் காட்ட வேண்டும். சிவப்பைப் பார்த்தால் கோழி எப்படியும் ஒரு தடவை கொத்தும். ஒருத்தி கற்றுக்கொண்டால் போதும், மற்றவை அவளைப் பார்த்துப் பழகிவிடும். வீடியோக்காரி அப்படித்தான் சொன்னாள்.

நான் பலகையில் உட்கார்ந்து தட்டினேன். "பா, பா, இங்க பாரு" என்று கொஞ்சினேன். சுல்தானா கொத்தினாள், உதறினாள், அலகைத் தேய்த்தாள். அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து மற்றவையும் ஒவ்வொரு கொத்தோடு நிறுத்திக்கொண்டன.

கருப்பி மட்டும் நல்ல பிள்ளை. கூட்டத்திலேயே சாது, எல்லாரும் தின்று முடித்த பிறகு மிச்சத்தைப் பொறுக்குகிறவள். அவள் கொத்தினாள், விழுங்கினாள், மறுபடியும் கொத்தினாள். வீடியோ காலில் நஸ்ரின் கைதட்டினாள். நான் கருப்பிக்குப் பொட்டுக்கடலை போட்டேன். சாயங்காலம்வரை அவள் டொக் டொக்கென்று குடித்துக்கொண்டே இருந்தாள். மற்றவை ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன.

"மத்ததுக்குச் சட்டில கொஞ்சம் வைக்கட்டுமா மச்சான்? வாயப் பொளக்குது."

"வச்சயின்னா பூரா பாடமும் போச்சு. தாகம் எடுத்தா தானா வரும்ளா."

நான் சட்டி வைக்கவில்லை. மனசு கேட்காமல் தர்பூசணித் தோலை மட்டும் வீசினேன். அதற்கு அடிதடியே நடந்தது.

மறுநாள் காலையில் அவர் சொன்னபடி செல்விக்கு ஒரு கேனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். அதே வண்டியில் வந்த கேன்தான். வீட்டு வேலை முடித்து மத்தியானம் நான் தகரத்துக்கு வந்தபோது, கேனுக்கு நேர் கீழே கருப்பி ஒருச்சாய்ந்து கிடந்தாள். கால் விறைத்திருந்தது. அலகு ஓரத்தில் நுரை.

தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். வெயிலில் செத்திருந்தால் குடிக்காத கோழிகள்தானே சாக வேண்டும்? குடித்தவள் எப்படிச் செத்தாள்?

உள்ளே ஓடி ஒரு கூல்டிரிங் பாட்டிலை எடுத்தேன். நான் குடித்து முடித்த பாட்டில், அதில் சந்தேகம் இல்லை. கேன் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றிவிட்டு, அதிலிருந்து ஒரு குமிழைத் திருகி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, கம்பி காய்ச்சி பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு மாட்டினேன். பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு காற்று ஓட்டையும் குத்தினேன். சமையலறைக் குடத்துத் தண்ணீரை ஊற்றித் தலைகீழாகப் பிடித்தேன். சுல்தானா வந்தாள். ஒரு கொத்து. நின்று யோசித்தாள். அலகைத் தேய்க்கவில்லை. இன்னொரு கொத்து. அவ்வளவுதான், மற்றவையெல்லாம் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு வந்து என் கையையே சேர்த்துக் கொத்தின.

என் கோழிகளுக்குப் பாடம் எப்போதோ புரிந்துவிட்டது. தண்ணீர்தான் அவற்றுக்குப் பிடிக்கவில்லை.

அடுப்பில் கருவாடு

அவர் சாப்பாட்டுக்கு வந்தார். நான் கருப்பியைப் பழைய பேப்பரில் சுற்றிவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அடுப்படியில் நின்றேன். சட்டியில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. நெத்திலிக் கருவாடு. அது எண்ணெயில் விழுந்தால் சந்து முனையில் இருக்கிற டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

அவர் கை கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அடுப்புக்கும் அவருக்கும் ஒரு கை தூரம்.

"இன்னைக்கு என்னளா கறி?" என்றார்.

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

சாதாரணக் கேள்விதான், எல்லா வீட்டிலும் புருஷன்கள் கேட்பதுதான். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கேட்டதில்லை. அவர் ஏணிக்குக் கீழே நின்றே, "உப்பு கம்மியா போடு" என்று சொல்கிற ஆள்.

"மச்சான், அடுப்புல என்ன பொரியுது? சொல்லுங்க பாப்போம்."

அவர் எட்டிப் பார்த்தார். கழுத்தை நீட்டி, கண்ணால் சட்டிக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு, "கருவாடு" என்றார்.

"பாத்துட்டுச் சொல்லுதீங்க."

நான் அடுப்பை அணைத்தேன். சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"காய்ச்சலோட போச்சு ஜமீலா. வரவே இல்ல."

எந்தக் காய்ச்சல் என்று நான் கேட்கவில்லை. ஊரே கதவை அடைத்துக் கிடந்த அந்தக் காய்ச்சல். எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும் வந்தது. அப்போது வாசனை தெரியவில்லை என்று சொன்னார்தான். எல்லாருக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் திரும்பி வந்துவிட்டது, இவருக்கும் வந்திருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் போய், அடுத்த கோடை வந்திருந்தது.

"அப்ப டிரம்மு?"

"ஒட்டுன லேபிள் மிச்சம் இருந்தா அத வச்சுச் சொல்லுவேன். இல்லன்னா வண்டிக்காரன் சொல்லுதத வச்சு."

"தலைய உள்ள விட்டுக் கண்ண மூடுனீங்களே? நேத்துகூட என் முன்னாலதான..."

"மூடுவேன். மூடிட்டு, வருதா வருதான்னு பாப்பேன். வராது. நாளைக்கு வந்துரும்னு நெனப்பேன். வெளிய சொன்னா எவன் நம்ம டிரம்ம வாங்குவான்?"

கொஞ்ச நாளாகக் குழம்பில் இன்னும் காரம், இன்னும் புளி என்று கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. என் கைப்பக்குவம் போய்விட்டது என்று நான் உள்ளுக்குள் வருத்தப்பட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் பாதிக் குப்பி அத்தரை மேலே கொட்டிக்கொண்டு போவார். மாப்பிள்ளை இரண்டாம் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டாரா என்று பள்ளிவாசல் ஆட்கள் கிண்டல் செய்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

"கருப்பி செத்துட்டா மச்சான். அந்தக் கேன் தண்ணியக் குடிச்சவ அவ ஒருத்திதான்."

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருவர் வாயிலும் ஒரே நேரத்தில் ஒரே பெயர் வந்தது.

"செல்வி!"

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செல்வி வீட்டில் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஈரக் கையால் மாவை வழித்துப் பாத்திரத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் மூடியோடு அந்த வெள்ளைக் கேன்.

"அரிசி எதுல ஊறப் போட்ட?"

"என்னக்கா, இப்பிடி எரைக்க எரைக்க வாரீய? அண்ணாச்சி குடுத்த கேன்லதான். காலைலேயே போட்டுட்டேன்."

நான் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். மிச்சம் இருந்த அரிசித் தண்ணீரோடு, அதே நகப்பூச்சு வாடை. இப்போது வந்த வேகத்தில் போகவில்லை. கண்ணே கரித்தது.

"செல்வி, கிரைண்டர நிறுத்து. இந்த மாவு வெளிய போவக்கூடாது. என் கோழி செத்துப் போச்சு."

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. கோழிக்கும் மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே பார்த்தாள். அதற்குள் என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு வந்து வாசலில் நின்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தாயி, எனக்கு மூக்கு செத்துப் போச்சு. காய்ச்சலோட போயிட்டு. ஒனக்குக் குடுத்த கேன நான் மோந்து பாக்கல. பாத்த மாதிரி காட்டுனேன்."

செல்வி கிரைண்டரை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் அந்தச் சின்ன அறை பயமுறுத்தியது. அவள் கோபத்தில் கத்துவாள், கரண்டியை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலைல மூடியத் தொறந்தப்பவே எனக்கு வாடை அடிச்சுது அண்ணாச்சி. புளியப் போட்டுத் தேச்சேன். போவல. மறுபடியும் தேச்சேன். அப்புறம், காதர் பாய் மோந்து பாத்துக் குடுத்ததுல நாம என்ன கொற சொல்லுததுன்னு அரிசியக் கொட்டிட்டேன்."

நானும் அதைத்தான் செய்திருந்தேன். எனக்கும் மூக்கு இருந்தது, அவளுக்கும் மூக்கு இருந்தது. இரண்டு பேரும் எங்கள் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்கே இல்லாத ஒருத்தரை நம்பியிருக்கிறோம்.

செல்வி மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நான் ஒரு காது பிடித்தேன். சாக்கடையில் கவிழ்த்தோம். சந்து முழுக்க வெள்ளையாக ஓடியது. அடுத்த நாள் விடியலில் ஹார்ன் சத்தம் கேட்கவில்லை. நான் படுக்கையில் கண்ணைத் திறந்தபடி அந்தச் சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மாவு விஷம்தானா, எவ்வளவு விஷம், பிள்ளைகள் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தைரியம் இல்லை.

மாவைக் கொட்டிய அந்தச் சாயங்காலமே அவர் வீடு வீடாகப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அந்த வண்டியில் வந்த கேன்களை வாங்கியவர்களிடமெல்லாம் அதே வார்த்தை: "என் மூக்கு போச்சு, கேனக் குடுத்துருங்க." சிலர் சிரித்தார்கள். ஒரு பெண்மணி, "வாடை வந்துச்சு பாய், வெயில்ல வச்சா போயிரும்னு இருந்தேன்" என்றாள். இன்னொரு வீட்டில் கேனைக் கொண்டுவந்து, "நீங்களே இன்னொரு தடவ மோந்து பாத்துச் சொல்லிருங்க" என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் ஆகிவிட்டது.

அந்தக் கேன்கள் திரும்பிவிட்டன. அவரே கோடாலியால் உடைத்தார். ஆனால் காய்ச்சலுக்கும் அந்தக் கோடைக்கும் நடுவில் எத்தனையோ டிரம்கள் போயிருக்கின்றன. நல்லவைதான் என்று அவர் சொல்கிறார், லேபிள் இருந்தது என்கிறார். இருக்கலாம். இன்றைக்கும் சந்தில் எந்தப் பிள்ளையாவது வயிற்றுவலி என்று அழுதால் எனக்குத் திக்கென்கிறது.

செல்வி கொஞ்ச காலம் எங்களோடு பேசவில்லை. கோழிகள் பாட்டிலிலேயே குடித்துப் பழகிவிட்டன. கீழே சொட்டுவதில்லை.

"நீ பாரு"

இதெல்லாம் நடந்து சில வாரங்கள் கழித்து நான் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். தண்ணீருக்கு டிரம் விற்பதை அவர் நிறுத்தியிருந்தார். எது வந்தாலும் அரைக்கத்தான். அப்போது அடுத்த குடியிருப்பிலிருந்து ஒரு உத்தரப்பிரதேசத்து ஆள் நீல டிரம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். எங்கேயோ வாங்கியிருக்கிறான், கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று இறக்கி வைத்தான்.

"மேரா நாக் கயா, பாய்" என்றார் அவர். என் மூக்கு போய்விட்டது என்று யாரிடமும் சொல்ல இப்போது அவருக்குக் கூசுவதில்லை.

அந்த ஆள் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தான். சிரித்தபடியே மூடியைத் திறந்து அவர் பக்கம் சாய்த்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன, குடிக்கிற தண்ணீருக்கு வேண்டும் என்றான்.

என் வீட்டுக்காரர் பழக்கத்தில் தலையைக் குனிந்தார். கண்ணையும் மூடினார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரா என்று கத்தப் போனேன். அவர் தலையை எடுத்துவிட்டு, டிரம்மை என் பக்கம் திருப்பினார்.

"ஜமீலா, நீ பாரு."

நான் சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுத் தலையை உள்ளே விட்டேன். இருட்டு. கடுகெண்ணெய், பெருங்காயம், பழைய உப்பு. வேறு ஏதாவது இருக்கிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துத் தேடினேன்.

"ஊறுகாய்தான்" என்றேன்.

"எலுமிச்சையா, மாங்காயா?"

மறுபடியும் தலையை விட்டேன். "மாங்கா."

"வெந்தயம் தெரியுதா?"

"தெரியுது மச்சான்."

"நல்லா தெரியுதா?" என்று கேட்டார். அந்த ஆளுக்காகக் கேட்கவில்லை. தனக்காகக் கேட்டார். கண்ணைத் திறக்காமலே நின்றார், மூடிய இமைக்கு அடியில் ஈரம் கசிந்தது. அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஆளிடம் எடுத்துப் போகலாம், தண்ணீருக்கு ஆகும் என்று சொன்னார். அவன் டிரம்மைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சலாம் வைத்துவிட்டு நடந்தான். யார் மூக்கை நம்பிப் போகிறோம் என்று அவன் யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறப்பான், நிரப்புவான், பிள்ளைகள் டம்ளரை முக்கி எடுக்கும். சோற்று டப்பாவை அப்படியே கீழே வைத்தேன்.

"பையா, ருக்கோ!" என்று அவனை நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டு சந்தில் ஓடினேன். முனையில் அவனைப் பிடித்து, டிரம்மை இறக்கச் சொல்லி, மூடியைத் திறந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.